நம் வீட்டுக்கு விழுந்த பூஜ்யம்

அன்பு மகள் ஜிப்பாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, பசு, ஆடுகள் எல்லோரும் அல்லாஹ் கிருபையில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம், நீயும் பிஷ்கெக் குளிரில் தொப்பி போட்டுக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அப்பாவின் காது என் தோள்மேலேயே உட்கார்ந்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். நீ போன தடவை பெருமையாகச் சொன்ன கணக்கை அவர் சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். நம் நாரின் மாகாணத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் சம்பள வேலை பார்ப்பவர்கள் அநேகமாக யாருமே இல்லையாம், வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டு எடுத்த கணக்காம். ஆகா, என்ன கணக்கு! நீ இரண்டு பட்டம் வாங்கியவள், நம் வீட்டில் அதை எப்படி எடுத்தார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும் சமயம், உங்கள் புள்ளிவிவர ஆபீசுக்காகக் கணக்கெடுக்கும் கலிபா வந்தாள். சேற்றில் பூட்ஸ் புதைய வந்தவளை வாசலில் நிறுத்திப் பேசினால் ஊர் சிரிக்காதா, உள்ளே உட்கார வைத்து ரொட்டி, வெண்ணெய், ஜாம், பொரித்த பூர்சோக் எல்லாம் பரப்பினோம். உன் அண்ணி புருல் தேநீர் ஊற்றினாள். மாமனார் எதிரில் மருமகள் வாய் திறக்கக் கூடாதே, அதனால் எல்லோருக்கும் சேர்த்து உன் அப்பாவே பதில் சொன்னார். உன் அண்ணன் எர்மெக் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான், இவர் ஆடு வளர்க்கிறார், நான் இவருக்குக் கூடமாட உதவி. பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் என் பொழுதுபோக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மருமகள் என்ன செய்கிறாள் என்று கலிபா கேட்டாள். “அவளுக்கென்ன, வீட்டுல சும்மாதான் இருக்கா, நாள் பூரா அந்தப் பொட்டியத் தட்டிக்கிட்டுக் கெடக்கா” என்றார் துரை. போன வாரம் ஒரு மணி நேரமாவது காசுக்கு வேலை பார்த்தாளா என்று அடுத்துக் கேட்க வேண்டுமாமே, கலிபா வாயெடுத்தாள். அதற்குள் இவர் கண்ணைக் காட்ட, புருல் கலிபாவின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். பாதிக் கிண்ணம் ஊற்றினால் உட்கார், முழுக் கிண்ணம் என்றால் கிளம்பு. கலிபாவும் நம் ஊர்ப் பெண்தானே, குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். புருல் பின்னறைக்குப் போய், அந்த பிஷ்கெக் கம்பெனியின் கணக்குவழக்கைப் பார்க்க உட்கார்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் நம் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. அது வானத்திலிருந்து விழுந்தது என்று உன் அப்பா நினைக்கிறார் போலிருக்கிறது. உனக்கும்தான் எல்லாம் தெரியும், ஆனாலும் காகிதத்தில் இருப்பதைத்தானே நீ எண்ண முடியும், பாவம்.

அதோடு விட்டாரா மனுஷன்? போனில் பேசும்போது வீட்டுச் சத்தமெல்லாம் கம்பெனிக்குக் கேட்கிறது, பின்னறைக்கு ஒரு கதவு போட்டால் தேவலை என்று புருல் என் மூலமாகக் கேட்டாள். “கவர்மெண்டே எழுதிக்கிட்டுப் போயிருச்சு அவளுக்கு வேலை இல்லேன்னு, வேலை இல்லாதவளுக்கு எதுக்குக் கதவு?” என்றார். மாதக் கடைசியில் அவள் கணக்கை முடித்து அனுப்ப வேண்டிய நாளில் அவருடைய தம்பி வீட்டு விருந்துக்குப் பாத்திரம் கழுவ அனுப்பினார். வேண்டாம் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரர்கள் பொறுத்துப் பார்த்தார்கள், கடைசியில் ஆபீசுக்கு வந்து வேலை பார், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் கலிபா மறுபடியும் வந்தாள், அதே வீட்டுக்குத் திரும்ப வந்து கேட்பது உங்கள் முறையாமே. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். புருல் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கலிபாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். “அக்கா, என்னைப் பத்தி நானே சொல்றேன், எழுதிக்கங்க. இவ்வளவு நாளும் இந்த வீட்டுலேர்ந்துதான் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். இனிமே பிஷ்கெக் ஆபீசுல பார்க்கப் போறேன். வீட்டுலேர்ந்து வேலை பார்க்கிறவங்க இங்க யாரும் இல்ல” என்றாள். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். எர்மெக்கிடம் அவள் முன்பே பேசிவிட்டாளாம், “போயிட்டு வா, நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்” என்றானாம். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆகவே சந்தோஷப்படு மகளே. வசந்தத்தில் நம் வீட்டுக்குத் தப்பாகப் போட்ட பூஜ்யம் இப்போது சரியாகிவிட்டது, உன் ஆபீசில் யாரும் எதையும் திருத்த வேண்டாம். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இனி உன்னோடுதான் தங்கப்போகிறாள். அவளுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும், கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே விடாதே. மாதக் கடைசியில் வீட்டு வேலை எதுவும் சொல்லாதே. உங்கள் இரண்டு பேர் வழியையும் அல்லாஹ் வெளிச்சமாக்கட்டும், கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியும் தரட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவள், நீ படித்து முடிக்கிறவரை பேசாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். அப்படித்தான் அவளைப் பழக்கி வைத்திருக்கிறோம். உள்ளே கூப்பிட்டு உட்கார வை, தேநீரை நீ ஊற்று.

இப்படிக்கு,
உன் அம்மா சைராகுல்