மஞ்சள் தடவிய சொல்லட்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

ஜனகாவின் வகுப்பாசிரியை இன்று பள்ளி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைங்க எல்லாம் வாக்கியத்துக்குப் போய்ட்டாங்க. இவ இன்னும் 'நான்', 'இது', 'வா' கூட பார்த்ததும் சொல்ல மாட்டேங்கறா. லீவு முடிஞ்சும் இப்படியே இருந்தா பெமுலிஹானுக்குத்தான் அனுப்பணும்லா."

பெமுலிஹான் என்பது வாசிக்கத் திணறும் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கிற வகுப்பு. நான் படித்த காலத்தில் அதற்கு மக்கு கிளாஸ் என்று பெயர். அதில் என் மகளா? மோட்டார் சைக்கிளில் என் பின்னால் உட்கார்ந்து அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 5, வியாழன்

குகனிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளதானே, தானா வரும் விடு" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். அப்பா என்றால் சுலபம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள் என்று யூடியூப்பில் ஓர் ஆசிரியை சொன்னார். அட்டைக்கு எங்கே போவது? சாமி மேடைக்குக் கீழே பழைய கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன, தூக்கிப்போட மனசு வராமல் வைத்தவை. நல்ல கெட்டி அட்டை. வெட்டி, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதினேன். அந்த ஆசிரியை சொல்லின் மேல் குதிக்கச் சொல்கிறார். எழுத்தைக் காலால் மிதிப்பதா? ஓடிப்போய் எடுத்துவருகிற ஆட்டமாக மாற்றிக்கொண்டேன்.

ஜனகா பறந்து பறந்து எடுத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் பாதி இழுக்கும்போதே சொல்லிவிடுகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குகனின் தங்கை குமுதாவுக்கு உடனே வீடியோ அனுப்பினேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூச்சோங், குமுதா வீடு. ஜனகா வாசிப்பதைப் பார்க்க எல்லாரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். அட்டைகளை எடுத்துப் போக மறந்துவிட்டேன். அதனாலென்ன என்று குமுதா வெள்ளைத்தாளில் அதே சொற்களை எழுதிக் காட்டினாள்.

ஜனகா பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதுல மஞ்சள் இல்லையே."

மூலையில் பெரிதாக மஞ்சள் தடவியிருந்தால் 'நான்'. தங்க ஓரம் என்றால் 'வா'. குங்குமம் பட்டிருந்தால் 'இது'. இத்தனை நாள் அவள் படித்தது அதைத்தான். குமுதா சிரிக்கவில்லை. "காப்பி குடிங்க அண்ணி" என்றாள். சிரித்திருந்தால் தேவலாம்.

மார்ச் 16, திங்கள்

எல்லாம் வெள்ளைத்தாளில், கறுப்பு மையில் எழுதினேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே.

மார்ச் 19, வியாழன்

அடிச்சுட்டேன்.

'எங்கே'ன்னு நான் சொல்றேன், அவ 'எங்கள்'ஐ எடுத்துட்டு வரா. மறுபடி சொல்றேன், மறுபடி அதையே. கை தானா போயிடுச்சு. அவ அழக்கூட இல்ல, தாளெல்லாம் அடுக்கி என் மடியில வெச்சிட்டு அறைக்குள்ள போயிட்டா. என்ன பொம்பள நான்? விளையாட்டுன்னு சொல்லி பிள்ளையைக் கூப்பிட்டு அடிக்கிறவளும் ஒரு தாயா?

மார்ச் 24, செவ்வாய்

"வா, விளையாடலாம்" என்றேன். வயிறு வலிக்கிறது என்றாள். நேற்றும் அதையேதான் சொன்னாள். இப்போது மோட்டார் சைக்கிளில் பாட்டும் இல்லை. கடைப் பலகைகள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், எங்கே கேட்டுவிடுவேனோ என்று. வாசிப்பும் வரவில்லை, இருந்த பிள்ளையும் போய்விட்டாள். என்னால் ஆவது ஒன்றுமில்லை.

மார்ச் 30, திங்கள்

பெமுலிஹானில் சேர்த்தாகிவிட்டது. புனிதா டீச்சர், சின்ன வயசுதான். "வீட்டுல கொஞ்ச நாளைக்கு எதுவும் கேக்காதீங்கக்கா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எவ்வளவு கஷ்டம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் ஜனகா தானாகவே வந்தாள். புனிதா டீச்சர் வகுப்பில் கடை விளையாட்டாம். வெள்ளைத்தாள்களை என் முன்னால் பரப்பி, நீதான் கடைக்கார ஆன்டி என்றாள்.

"ஆன்டி, ஒரு 'எங்கே' குடுங்க."

அடுப்பில் குழம்பு. ஒரு கண் அங்கே இருந்ததால் கைக்கு வந்ததை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

"இது 'எங்கள்', ஆன்டி."

குனிந்து பார்த்தேன். ஆமாம், 'எங்கள்'தான். தப்பு என்னுடையது. என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவால்ல. மெதுவா பாருங்க. நான் நிக்கிறேன்."

புனிதா டீச்சர் அவளிடம் சொல்வதாக இருக்கும். நான் ஒரு நாளும் சொன்னதில்லை.