சாவி ஃபிரிட்ஜுக்குள்ளே

வீட்டு ஸ்டுடியோவில் டோலக் வாசித்துப் பதிவு செய்யும்போது மைக்கில் இரைச்சல் விழக்கூடாது என்று நோயல் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவான். போன ஞாயிறு மறுபடி போட மறந்துபோனான். ஜோவிதா மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிரம் முழுக்க நாறிப்போயிற்று. அன்றிலிருந்து புருஷனோடு பேச்சில்லை. இன்று வைட்ஃபீல்ட் ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகியும், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சீட்டு எழுதினாள்:

"நோயல், சாம்பார் அடுப்பு மேல இருக்கு. சாதம் மட்டும் நீயே வச்சுக்கோ. குக்கர் விசில் ரெக்கார்டிங்ல விழுந்தா என்னைத் திட்டாதே.

ஸ்கூட்டர் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டாதே. ஃபிரிட்ஜுக்குள்ள, தயிர் கிண்ணம் பக்கத்துல வச்சிருக்கேன். இனிமே அதுதான் அதுக்கு இடம். வெளிய கிளம்பணும்னா நீ திறந்தே ஆகணும். உள்ள லைட் எரியலைன்னா ஞாபகம் வரும்ல?

கேஸ்காரர் வருவார், ஹெட்ஃபோனைக் கழட்டி வை.

கோபம் இன்னும் போகலை."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"நேத்து நீ பதிஞ்ச கைத்தட்டலைக் கேட்டேன். ஒருத்தனே பத்து தடவை தட்டிச் சேத்தா கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரியா இருக்கும்? பத்து நோயல் மாதிரிதான் இருக்கு. சாயங்காலம் வளையலைக் கழட்டி அந்தச் சாவி பக்கத்துல வச்சுட்டு, நானும் வந்து தட்டுறேன்."