லாரி நிரம்பும் வரை

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்

என் வீட்டு அதிகாரிக்கு, உன் வீட்டுக்காரன் தன் கைப்படவே எழுதிக்கொள்வது.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பாப்பா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போவது நீதான் என்பதால் உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். அப்படியும் எழுத்துகள் சில மேலே ஏறுகின்றன, சில படுத்துக்கொள்கின்றன. அழித்து அழித்து ஓரிரண்டு இடத்தில் தாளே நைந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறார் என்று உன் அம்மா சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்படுவாள். அவர் கையெழுத்து இதைவிட மோசம், போன வாரம்தான் பார்த்தேன். இப்போது எனக்கு அதெல்லாம் தெரிகிறது!

ஆமாம், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். போனில் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். புதுக் காருக்கு முன்பதிவு செய்யப் போன அன்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கட்டைவிரலை நீட்டினேன். அவ்வளவு பெரிய ஷோரூமில் மை டப்பா இல்லை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடி, கடைசியில் எதிரே இருக்கும் கூரியர் கடையில் கடன் வாங்கி வந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை, நல்ல பிள்ளைகள். ஆனால் அந்த மை காயும் வரை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. என் முட்டி காதைத் தொடுகிறது. பக்கத்தில் மீன்கார அம்மா. பாடத்தில் சந்தேகம் வந்தால் டீச்சரிடமே, "அந்த எழுத்துக்கு ஏன் இத்தனை வளைவு? யார் கேட்டாங்க?" என்று சண்டைக்குப் போவாள்.

முப்பது வருடம் சலவைக்கடை வேன் ஓட்டினேன், மூட்டைகளை முடிச்சுக் கயிற்றின் நிறத்தை வைத்துத்தான் வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தேன். இப்போது அதே தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு பலகையும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. 'இங்கே குப்பை போடாதே' என்று ஒரு சுவர் சொல்கிறது. சரிங்க என்று சொல்லிவிட்டு நகர்கிறேன்.

போனில் பேசினால் நமக்குச் சரிப்படவில்லை. நீ "வண்டி வந்துடுச்சா?" என்கிறாய். நான் "அடுத்த வாரம்" என்கிறேன். நீ போனைப் பேத்தியிடம் கொடுத்துவிடுகிறாய். போன தடவை, "வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம், விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் வண்டி ஏன் வரவில்லை என்று முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்கூட்டரிலிருந்து நீ விழுந்த அன்று, நாய் குறுக்கே வந்ததா, நான் பராக்குப் பார்த்தேனா என்ற வழக்கை இப்போது எடுக்க வேண்டாம். முட்டி தேறும்வரை மகள் வீட்டில் இரு என்று அனுப்பிவைத்தேன். "இனி உங்க ஸ்கூட்டர்ல ஏற மாட்டேன். கார் வாங்கிட்டு வந்து கூப்பிடுங்க, வர்றேன்" என்று நீ பஸ் ஜன்னல் வழியாகச் சொன்னாய். விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, நான் ஸ்கூட்டரை விற்று, சேமிப்பையும் எடுத்துக் கட்டிவிட்டேன். பதிவு செய்யும் முன் அடுப்படியில் நீ உட்காரும் முக்காலியைக் கொண்டுபோய்க் காரின் முன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம். முட்டியை ரொம்ப மடக்காமல் உட்காரலாம். ஷோரூமில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முக்காலியையே பார்த்தார்கள்.

நிறம் என்ன வேண்டும் என்று போனில் கேட்டேன். எனக்கென்ன, ஏதாவது ஒன்று என்றாய். வைக்கப்போகும்போது, "மயில்கழுத்து நீலம் இருந்தா நல்லாயிருக்கும்" என்றாய். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன். வெள்ளை வண்டி ஷோரூமிலேயே நிற்கிறது, அன்றைக்கே ஓட்டிப் போகலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். நீலம் கப்பலில்தான் வர வேண்டும் என்றார்கள். வரட்டும் என்றேன்.

கப்பல் வந்துவிட்டது. அதுதான் வேடிக்கை. வண்டி கரையில் இறங்கிப் பல வாரமாகிறது. அங்கிருந்து இங்கே கொண்டுவரும் லாரியில்தான் சிக்கல். ஷோரூமில் டை கட்டிய தம்பி ஒருவன் இருக்கிறான், கழுத்து சின்னது, டை பெரியது. அவன்தான் விளக்கினான். "பெரியவரே, அது பெரிய லாரி. மேலயும் கீழயுமா கார் அடுக்குவாங்க. நம்ம பக்கம் வர்ற லாரி நிரம்பினாத்தான் கிளம்பும். இன்னும் ரெண்டு இடம் காலி." கொண்டுவரும் செலவைத்தான் முன்னாலேயே கட்டிவிட்டேனே என்றேன். அது கூட்டத்தோடு வருவதற்கான கட்டணமாம். நம் வண்டி மட்டும் தனியாக வர வேண்டுமென்றால் வேறு லாரி, வேறு கட்டணம். அவன் சொன்ன தொகையைக் கேட்டதும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆள் சேர்ந்தால்தான் வேன் கிளம்பும் என்றால் நாம் என்ன செய்வோம்? இறங்கி நின்று ஆள் கூப்பிட மாட்டோமா? இரண்டே இரண்டு பேர் கார் வாங்கினால் போதும்.

முதலில் பல் டாக்டரைப் பிடித்தேன். அவர் பழைய காரைக் கிளப்பினால் தெருவே எழுந்துவிடும், உனக்குத் தெரியுமே. இல்லாத பல்வலியைச் சொல்லி உள்ளே போய், வாயைத் திறந்தபடியே புதுக் காரைப் பற்றி எடுத்துச் சொன்னேன். முக்காலி விஷயத்தையும் சொன்னேன். மனிதர் மயங்கிவிட்டார். மருந்துக்கடைக்காரரிடமும் பேசினேன். அவர் விலையைக் கேட்டார், என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுநாள் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டார்.

பல் டாக்டர் வாக்குத் தவறவில்லை. ஷோரூமுக்குப் போனார். அங்கே நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்தார், பிடித்துப் போயிற்று, பணத்தைக் கட்டினார், அன்று சாயங்காலமே ஓட்டி வந்துவிட்டார்! லாரியில் இடம் காலியாகவே இருக்கிறது. தினமும் காலையில் நம் வாசலைத் தாண்டும்போது எனக்கு நன்றி சொல்லி ஹாரன் அடிக்கிறார். நான் சிரித்துக்கொண்டே கை காட்டுகிறேன். வயிறு எரிகிறது.

கை வலிக்கிறது. மீதியை வியாழக்கிழமை ஷோரூம் போய்வந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை, மத்தியானம்

பாப்பா, மெதுவாகப் படி. இந்த இடத்தை அம்மா சரியாகக் கேட்க வேண்டும்.

இன்று டை கட்டிய தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "வண்டி இருக்கிறது நிஜம்தானா தம்பி? கண்ணால காட்டு, போதும்" என்றேன். பாவம், எங்கெங்கோ போன் பண்ணி ஒரு படம் வரவழைத்துக் காட்டினான்.

அதிகாரி, அது நீலம்தான். நீ கட்டும் அந்தப் புடவை நிறமேதான். சீட்டின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. முன்கண்ணாடியில் தூசி, அதில் யாரோ விரலால் ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் வண்டிக்குப் பின்னால் கண் போயிற்று. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு கலங்கரை விளக்கம், உச்சியில் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி உடைந்திருக்கிறது.

பாப்பா, போன மாதம் நீ அனுப்பிய படத்தில் அம்மாவும் பேத்தியும் ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிடுகிறார்களே, அவர்களுக்குப் பின்னால் நிற்பதும் இதுதானே? அதே பட்டை, அதே உடைந்த கம்பி.

"தம்பி, இது எந்த ஊரு?" என்று கேட்டேன். அவன் சொன்னான். நீங்கள் இருக்கும் ஊர்.

துறைமுகம், துறைமுகம் என்று அவன் சொன்னபோதெல்லாம் ஏதோ தூர தேசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் துறைமுகம் என்று நான் கேட்கவே இல்லை. அவனும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் பெரியவரே" என்றான். உன்னை அழைத்துவர ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன். அந்த வண்டி உன் பக்கத்திலேயே நிற்கிறது. அதை அங்கிருந்து இங்கே வரவழைக்கச் செலவும் கட்டிவிட்டு, வந்ததும் அதை ஓட்டிக்கொண்டு மறுபடி அங்கேயே வருவதற்காக இத்தனை நாள் இங்கே காத்துக்கிடக்கிறேன். பல் டாக்டரிடம் வேறு வாயைத் திறந்து காட்டியிருக்கிறேன். எனக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. தம்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான்.

நானே அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். மேனேஜரிடம் அழைத்துப் போனான். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கொண்டுவரும் செலவுக்குப் பில் போட்டாயிற்று, திருப்பித் தர வழியில்லை என்றார் மேனேஜர். "ஏங்க, லாரி ஏறாத வண்டிக்கு லாரிக் கூலியா?" என்றேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். எழுதட்டும். அந்தப் பதில் எந்த லாரி நிரம்பி எப்போது வருமோ!

ஞாயிற்றுக்கிழமை

வியாழக்கிழமையே இதை அஞ்சலில் போட்டிருக்கலாம். உறையில்கூட வைத்துவிட்டேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. அதையும் எழுதாமல் அனுப்பினால் சரியாக இருக்காது.

இத்தனை நாளும் நீ, வண்டி வரட்டும் என்றாய். நான், வண்டி வரவில்லை என்றேன். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. இனி வண்டியைச் சாக்குச் சொல்ல முடியாது. உன் மனம்தான் மிச்சம். அதை எந்தத் தம்பியிடம் போய்க் கேட்பது?

பாப்பா போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாள், "அம்மாவுக்குன்னு தனியா அலமாரி வாங்கியாச்சுப்பா, துணியெல்லாம் அடுக்கிட்டாங்க" என்று. நல்லதும்மா என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாப்பா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ செய்தது சரி. பெட்டியில் துணியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? மாப்பிள்ளை தங்கமானவர். உங்கள் வீட்டில் படி ஏற வேண்டியதில்லை. பேத்தி பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அதிகாரி. அதை நினைத்தால் நிம்மதியாகவும் இருக்கிறது, கலக்கமாகவும் இருக்கிறது.

இங்கத்து நிலவரத்தையும் உள்ளபடி எழுதிவிடுகிறேன். கொத்தனார் வந்து வாசல் படியை இடித்துவிட்டுச் சரிவாகக் கட்டிக் கொடுத்தார். பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறோம். குளியலறையிலும் ஒன்று. சமையலில் எனக்கு உப்பு இன்னும் பிடிபடவில்லை. கட்டிலில் உன் பக்கத்தில் துணி மடித்து வைத்திருந்தேன், அதை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன். பாப்பா, இந்த வரியை மாப்பிள்ளை காதில் விழாமல் படி.

ஒன்று செய். மாப்பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் அவரோடு வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு நடை போய் வா. தம்பி அங்கே சொல்லி வைத்திருக்கிறான். வண்டியின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காவலாளியிடம் காட்டினால் திறந்து விடுவார். முன் சீட்டில் உட்கார்ந்து பார். அவசரப்படாதே, முட்டியை நீட்டி மடக்கிப் பார். பிடித்திருந்தால் பாப்பாவை விட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். போடுகிறேன், பார்க்கத்தானே போகிறாய். வழியில் நீ நிறுத்தச் சொல்லும் இடத்திலெல்லாம் நிறுத்துகிறேன். நாய் வந்தால் அது தெருவைத் தாண்டித் திரும்பிப் பார்க்கும்வரை நிற்கிறேன்.

சீட்டு பிடிக்கவில்லை என்றாலும் சொல். சீட்டு பிடித்து, கிளம்ப மட்டும் மனம் வரவில்லை என்றாலும் சொல். கோபப்பட மாட்டேன். அப்போதும் வருவேன். வண்டியை எடுத்து மாப்பிள்ளை வாசலில் நிறுத்தி, சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வருவேன். ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைக்கும் உன்னை அழைத்துப் போக அங்கேயும் ஒரு வண்டி வேண்டும்தானே. நீலம் நீ கேட்டது. அது உனக்குத்தான், நீ எங்கே இருந்தாலும்.

ஆனால் என்னைக் கேட்டால், வா என்றுதான் சொல்வேன். அந்தச் சின்ன வார்த்தையை எழுத எனக்குச் சுலபமாகத்தான் வருகிறது. போனில்தான் வரமாட்டேன் என்கிறது.

பேத்திக்கு முத்தம். பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன். நீ அங்கே இருந்தால் தபால்தலை ஒட்டி அனுப்புவேன். இங்கே வந்துவிட்டாலும் எழுதுவேன். உன் எதிரே உட்கார்ந்து நானே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்