ஏரி தெரிகிறதா என்று கேட்டாய்

யாரோ பூசியிருந்த தேங்காய் எண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை. பாரிவாக்கத்தில் புதிதாக வரப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகத்தில், அங்கே வேலை செய்யும் பெண் என் தலையில் மாட்டிய கண்ணாடிப் பெட்டியின் பஞ்சுப் பட்டையிலிருந்து அது வந்தது. "பயப்படாதீங்க அங்கிள், அப்படியே பால்கனிக்குப் போங்க" என்றாள். பெட்டிக்குள் தெரிந்த, இன்னும் கட்டாத பதினோராவது மாடியில் நின்றேன். கீழே நீச்சல் குளம், மரங்கள், விளையாடும் பிள்ளைகள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கழற்றிவிட்டேன். தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உன்னைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது, மச்சான்?

நாம் இருவரும் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். நீ சிவில் டிப்ளமோ முடித்து, சேக்காட்டில் வாடகை வீட்டின் முன்னறையில் பலகையைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பிளான் வரைந்தாய். பிளான் போட்டால் மட்டும் உனக்குப் போதாது. கொத்தனாருக்கு முன்னால் நீ சாரத்தில் ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறிய ஒரு நாளில்தான் விழுந்தாய். முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆறு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மறுபடி பென்சிலை எடுத்தாய். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். கோவில்பதாகை குடியிருப்போர் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். கீழே கூடம், மேலே நூலகம், ஒரு சின்னக் கட்டடம் வேண்டும் என்றார்கள். மேலே ஏரியைப் பார்த்தபடி ஒரு பால்கனி வைத்தாய். "படிக்கறவன் தலைய தூக்கனா தண்ணி தெரியணும்டா" என்றாய்.

அந்தச் சமயத்தில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து அந்தக் கருவி வந்தது. தலையில் மாட்டினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இடத்தில் நாமே நிற்பதுபோல இருக்கும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியது. சாயங்காலங்களில் உட்கார்ந்து உன் பிளானை அதில் ஏற்றினேன். மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் மனைவி ஸ்டெல்லா மாதா கோயிலுக்குப் போகாமல் காத்திருந்தாள்.

"இன்னா மச்சான், தலைல குக்கர கவுத்த மாதிரி கீது" என்று சிரித்தாய். கையில் ஒரு குமிழைக் கொடுத்தேன். முன்னால் தள்ளினால் நடக்கலாம். தள்ளினாய். சிரிப்பு நின்றது.

"படி வந்துச்சுடா."

"ஏறு."

"ஏறிகினுகீறேன்... மெய்யாலுமே ஏறிகினுகீறேன்டா."

உன் கால்கள் நாற்காலியின் மிதியில் அப்படியே கிடந்தன. தோள்கள் மட்டும் ஒவ்வொரு படிக்கும் அசைந்தன. ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நீ பால்கனிக்குப் போய் நின்றாய்.

"ஏரி எங்கடா?"

"ஏரிய நான் போடல மச்சான். வெளிய வெறும் நீலம்தான்."

"பரவால்ல. கட்டி முட்ச்சா அது தானா வந்துரும்."

இறங்கி வந்த பிறகு கேட்டாய்: "இன்னா ஒசரத்துலேர்ந்து பாக்கற மாதிரி வச்சிகீற இத?"

"அஞ்சரை அடி. நீ நிக்கற உயரம்."

"நா எங்கடா நிக்கறேன்? எம் ஒசரத்துக்கு எறக்கு."

ஸ்டெல்லா டேப்பைக் கொண்டுவந்து தரையிலிருந்து உன் கண் வரைக்கும் அளந்தாள். நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டேன். நீ மறுபடி கட்டடத்தின் வாசலுக்குப் போனாய். குமிழைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தாய். கருவியைக் கழற்றியபோது உன் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"வாசல்ல மூணு படிடா. செவுரு மாதிரி நிக்குது. ஜன்னல்ல பாத்தா வானந்தான் தெரியுது. சாரத்துலேர்ந்து வுயுந்ததுக்கு அப்பறம், இதே நாற்காலில குந்திகினு நாந்தான்டா போட்டேன் இந்தப் படிய."

அன்று மதியம் ஸ்டெல்லா போட்ட சோற்றை நீ தொடவில்லை. பழைய பிளானைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதுத்தாளை விரித்தாய்.

சங்கத்துச் செயலாளர், திருநெல்வேலிக்காரர், ஓய்வு பெற்ற ஃபோர்மேன், வாசல் படிக்குப் பதில் நீ வரைந்த சாய்தளத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முன்பக்கம் இடம் போய்விடும், பந்தல் போட வசதிப்படாது என்றார். நீ வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, கருவியை மாட்டி, பழைய பிளானின் வாசலுக்கு அனுப்பினாய். ஆறடி மனிதர் நாலடி உயரத்தில் தடுமாறினார்.

"ஏ, என்னப்பா இது? செவரு மாதிரில்லா நிக்கி! எப்படி உள்ள போவ?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்" என்றாய்.

கழற்றி என் கையில் கொடுத்தார். "சாய்தளம் போட்டுரு. பந்தல பின்னாடி போட்டுக்கிடுவோம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க நீ பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். பிளான் படிக்கத் தெரியாத வீட்டுக்காரர்கள், அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாமல் தலையாட்டிவிட்டு, கட்டிய பிறகு அழுகிறவர்கள், எல்லாரையும் இதற்குள் நடக்கவிட வேண்டும் என்றாய். பிறகு, யாரும் இல்லாதபோது தயங்கிக் கேட்டாய்: "இன்னொரு தபா அந்தப் படில ஏத்தி வுடுடா." வரும் ஞாயிறு என்றேன். அதற்குள் கம்பெனியில் கருவியைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் சொன்னபோது "போனா போவுது வுடு" என்றாய். நான் இன்னும் விடவில்லை.

திறப்பு விழா சித்திரை மாதத்தில் நடந்தது. சாய்தளத்தில் யாரையும் தள்ளவிடாமல் நீயே உருட்டிக்கொண்டு ஏறினாய். கூடத்தில் கைதட்டினார்கள். மாடிப்படியின் அடியில் வந்து நின்றாய். நாலு பேர் தூக்கிக்கொண்டு போக முன்வந்தார்கள்.

"வேணாம்பா. பல்லக்கு மாதிரி தூக்கிகினு போனா எல்லாம் என்னத்தான் பாப்பாங்க, கட்டடத்த பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "நீ போ. பாத்துட்டு அங்கேர்ந்தே சொல்லு."

ஏறினேன். பால்கனிக்கு நேர் எதிரே புதிதாக ஒரு மூன்று மாடி வீடு எழும்பியிருந்தது. பூசாத செங்கல் சுவர். அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"ஏரி தெரியுதாடா?" கீழேயிருந்து உன் குரல்.

"தெரியுது மச்சான்."

"தண்ணி கீதா?"

"நெறைய கீது. கொக்குங்க கூட கீது."

மறுபடி கேட்டாய்: "எத்தினி கொக்கு?"

"ஒரு பத்து இருக்கும்" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். என் கண்களைப் பார்த்துவிட்டு, "வா, சாப்பாடு ஆறிடும்" என்றாய்.

இரண்டு வருடம் கழித்து, திரும்பத் திரும்ப வந்த சிறுநீரகத் தொற்றுக் காய்ச்சல் ஒன்றில் நீ போய்விட்டாய். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஸ்டெல்லா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அன்னிக்கி வூட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு அவரு. 'சித்திரைல ஏரி வறண்டு கெடக்கு. இவன் கொக்கு எண்ணுறான் பாரு'ன்னாரு. 'எதிர்ல ஊடு வந்துக்கீதுன்னு மேஸ்திரி மொதல்லியே சொல்லிட்டாரு எங்கிட்ட. இவன் மேல போய் இன்னா சொல்றான்னு பாக்கத்தான் அனுப்னேன்'னாரு."

"அப்புறம்?"

"அப்பறம் சிரிக்கல அண்ணே. 'அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிஞ்சிதுடி, பத்து கொக்கும்'னாரு."

என் பொய் முழுவதும் உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எத்தனை கொக்கு என்று கேட்டாய். அதன் பிறகு நான் எத்தனையோ கட்டடங்களைத் திரையில் எழுப்பியிருக்கிறேன். மரம் வைக்கிறேன், வெயில் வைக்கிறேன், நிழல் விழவைக்கிறேன். பார்த்தவர்கள் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். எத்தனை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.