பெயரோடு வேலையையும் வாசிக்கணும்

ஏப்ரல் 3, 2024 – புதன்

பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. இனி ஜூன் வரை எனக்குச் சம்பளம் கிடையாது. தனியார் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கு ஏப்ரலிலும் மேயிலும் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எம்.எஸ்ஸி., பி.எட்., பதினொரு வருஷ சர்வீஸ். கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் வருவது ஒன்பதரை ஆயிரம்.

பக்கத்து வீட்டில் குளியலறைக்கு டைல் ஒட்டுகிறார்கள். ஒட்டுகிறவன் சத்தியராஜ், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். "டீச்சர் நல்லா இருக்கியளா?" என்று மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டான். கூலியை விசாரித்தேன். நாளைக்கு ஆயிரத்து முன்னூறு, மதியச் சாப்பாடு தனி. முட்டி தேயத் தேய வேலை செய்கிறான், வாங்கட்டும். என் கோபம் அவன் மேல் இல்லை.

மாமாவும் இருக்கிறார். என் கணவர் சஜுவின் அப்பா, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன ராஜையா. டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிற அவருக்கு வருகிற பென்ஷன், பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற என் சம்பளத்தைப் போல இரண்டு பங்கு. அவரும் ஒரு காலத்தில் தொண்டை வறளக் கத்தியவர்தான், சரி. என் தொண்டைக்கு அறுபது வயதில் யார் தருவார்கள்?

ஏப்ரல் 9

ஆயிரம் ரூபாய் கூட்டித் தரும்படி மேனேஜரிடம் கேட்டேன். "டீச்சரே, இது ஒரு சேவையாக்கும்" என்றார். சொல்லிவிட்டுப் புதுக் காரில் ஏறிப் போனார்.

ஏப்ரல் 24

லேகா வந்தாள். மாதம் ஒரு தடவை பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து பிளாஸ்டிக் குப்பை எடுத்துப் போகிற, பஞ்சாயத்துக்குக் கீழ் உள்ள ஹரித கர்ம சேனாக்காரி. நான் அவளுக்கு மாதாமாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிறேன், ஒரு தடவைகூட உட்காரச் சொன்னதில்லை. இன்று சாயா போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் கேட்டேவிட்டேன், "மாசம் எத்தனை கிட்டும் லேகா?" இங்கே யாரிடமும் சம்பளம் கேட்கக் கூடாது. நோயைக்கூடக் கேட்கலாம்.

அவள் மறைக்கவில்லை. "எல்லா வீட்டிலயும் ஒழுங்கா தந்தா பதினாலு வரும் டீச்சரே. சில மாசம் பன்னெண்டு."

"ஏப்ரல், மே உண்டா?"

"இப்பிடி ஒரு சோத்தியம் கேக்கியளே? வேஸ்டுக்கு லீவு உண்டா?"

இந்த வார்டுக்கு இன்னொரு ஆள் தேடுகிறார்களாம். அதை ஏன் என்னிடம் சொன்னாள்? சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

மே 2

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லேகாவோடு சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

சஜு முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "எட்டி, நெய்யாற்றின்கரையில துணிக்கடையில காலைலேர்ந்து நிக்கியவன் நான். அங்க வாற ஆளுவளுக்க முகத்த எப்பிடி பாப்பேன்?"

"நான் களவு செய்யப் போறேனா?"

மாமா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அதுவே பெரிய விஷயம். "கண்டக்டர் ராஜையாவுக்க மருமவ ஊரு குப்பை அள்ளப் போறாளாக்கும்" என்றார், என்னிடம் இல்லை, டி.வி.யிடம்.

டீச்சர் என்ற பெயரை வைத்துக் கறி வைக்க முடியுமா? இவ்வளவு காலம் அதைத்தானே வைத்தேன். போறேன். யாரு என்ன சொன்னாலும் போறேன்.

மே 13 – திங்கள்

முதல் நாள். பால் கவரைக் கழுவாமல் தருகிறார்கள். உள்ளே புழு. ஒரு வீட்டில் என் பழைய மாணவியின் அம்மா முகம் பார்க்காமல் பையை நீட்டினாள். "ஜிஷா பிளஸ் டூவுக்குக் கணக்குதானே எடுத்தா?" என்றேன். பை அவள் கையிலேயே நின்றது.

லேகா சொல்கிறாள், நான் குப்பையையும் பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பிரிக்கிறேனாம்.

முதுகு வலி.

ஜூன் 16 – ஞாயிறு

இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். புது வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளம் அப்படியே காணிக்கை. கவரின் மேல் பெயரும் வேலையும் எழுத வேண்டும். செயலாளர் அதைச் சபைக்கு முன் வாசிப்பார். டீச்சர் ஆனபோது என் பெயரை வாசித்ததும் அம்மா அழுதாள். இந்த முறை சஜு, "பேரெழுதாம உண்டியல்ல போடு" என்றார். நான் முத்து முத்தாக எழுதினேன்: லிஜா, ஹரித கர்ம சேனா.

செயலாளர் விஜயதாஸ் அங்கிள் கவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் வாசித்தார்: "சகோதரி லிஜா, பஞ்சாயத்தில் உத்தியோகம் கிடைத்தமைக்காக."

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வரிசையில் நின்று கை கொடுக்கிறார்கள். ஒருத்தி வீட்டு வரியைக் குறைக்க முடியுமா என்று கேட்கிறாள். இந்த ஊரில் பஞ்சாயத்து என்று சொன்னால் நாற்காலியும் ஃபேனும் பென்ஷனும்தான் எல்லாருக்கும் தெரியும்.

அவரைப் போய்ப் பிடித்தேன். "எழுதினத ஏன் வாசிக்கல்ல அங்கிள்?"

"மக்கா, உனக்க மானத்த நான் காப்பாத்தினேன். பஞ்சாயத்துக்கு கீழதானே, பொய்யில்ல."

நல்ல மனுஷர். அதுதான் எரிச்சல். எனக்க மானம் தொலைஞ்சு போச்சுண்ணு இவரிட்ட யாரு சொன்னா? என் சம்பளம் வேணும், என் வேலை வேண்டாமா? காணிக்கைப் பெட்டிக்கு நாற்றம் தெரியாது, வாசிக்கிற வாய்க்குத்தான் தெரிகிறது.

ஜூலை 6

ஷிஜாவுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கிறது. ஷிஜா சஜுவின் தங்கை. ஒரு லேபில் பில் போடுகிறாள், எட்டாயிரம். பையன் ஷிபு, அமரவிளை, தனியார் பைனான்சில் வேலை. அவன் அம்மா புஷ்பபாய்க்கு எங்கள் வீட்டைப் பிடித்துப்போனதற்குக் காரணம்: பெண்ணின் அண்ணிக்குப் பஞ்சாயத்தில் உத்தியோகம்.

கல்யாணம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சஜு சொன்னார். மாமாவும் சொன்னார். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெரியும். ஆனால் ஷிஜா அடுக்களைக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"மைனி, எனக்காக வாய் தொறக்காம மிண்டாண்டு இருப்பியளா?"

இருபத்தேழு வயது. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனது. என்ன செய்ய? "நானா போய் சொல்ல மாட்டேன் மக்கா. ஆனா என்னிட்ட நேரா கேட்டா பொய் சொல்ல எனக்கு வராது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கேட்க மாட்டார்கள் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

ஜூலை 14 – ஞாயிறு

கேட்டார்கள்.

பெண் பார்க்க வந்து ஏத்தங்காய் சிப்ஸைக் கையில் எடுத்தபடியே புஷ்பபாய் என்னிடம், "மக்கா, உனக்கு பஞ்சாயத்தில எந்த செக்ஷன்?" என்றாள். சஜு இருமினார். மாமா வெளியே மழை வருகிறதா என்று பார்த்தார். ஷிஜா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் கண் முன்னால் நிற்கிறது.

"செக்ஷன் ஒண்ணும் இல்ல. பச்சைக் கோட்டு போட்டு வீடு வீடா பிளாஸ்டிக் எடுக்கிய ஜோலியாக்கும்" என்றேன்.

சிப்ஸ் தட்டுக்குத் திரும்பிப் போனது. "அப்ப சபையில வாசிச்சது?"

"வாசிச்சவரிட்ட கேக்கணும். எனக்கு மாசம் பதிமூணு, பதினாலு கிட்டும். தம்பிக்கு எத்தனை?"

யாரும் மாப்பிள்ளையிடம் இப்படிக் கேட்டதில்லை போல. பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான். "டார்கெட் எத்தினா இருபது."

"எத்தலேண்ணா?"

"பதினொண்ணு."

அவன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் கால் செருப்பைத் தேட ஆரம்பித்தது. ஆலோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

ஜூலை 15

ஷிஜா என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூலை 28

அமரவிளையிலிருந்து பதில் இல்லை. இனி வராது.

நான் சொன்னது சத்தியத்துக்காகவா, என் வீம்புக்காகவா? அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம், அது வீம்புதான். மற்றது? எனக்க ஜோலிய சொன்னா இடிஞ்சு போற கல்யாணம், நாளைக்கு இவளுக்க லேப் அடைச்சா நிக்குமா? இப்படியெல்லாம் எழுதலாம். அடுத்த அறையில் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எழுதினது அவளுக்கு ஆறுதலா?

வேலையை விட மாட்டேன். இது மட்டும் நிச்சயம்.

செப்டம்பர் 11

ஒரு அதிசயம். மாமா பால் கவரைக் கழுவித் துணி உலர்த்தும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். பஸ் டிக்கெட் அடுக்குவது போல வரிசையாக. ஏன் என்று கேட்டால் விட்டுவிடுவார். கேட்கவில்லை.

அக்டோபர் 19

லேபில் இனி ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்களாம், கூடுதல் பைசா கிடையாது. ஷிஜா வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

"எனக்க கல்யாணத்த முடக்கினது நீங்களாக்கும். எனக்கொரு ஜோலி வாங்கித் தாங்க."

"எந்த ஜோலி?"

"நீங்க செய்யிய ஜோலி. வேற எந்த ஜோலி உங்களுக்குத் தெரியும்?"

கோபம் போகவில்லை. முகத்தில் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். கோபம் இருக்கிறவள்தான் நாலு நாய் குரைத்தாலும் கேட்டைத் திறப்பாள்.

நவம்பர் 30

மாந்தோப்பை ஒட்டிய வார்டுக்கு ஆள் வேண்டும் என்று லேகா சொன்னாள். திங்கட்கிழமை முதல் ஷிஜா போகிறாள். சஜு இரண்டு ஜோடி கையுறை வாங்கி வந்து மேசை மேல் வைத்தார்.

ஜனவரி 12, 2025 – ஞாயிறு

ஷிஜாவின் முதல் சம்பளக் காணிக்கை. கவரை அவளே எழுதினாள், எனக்குக் காட்டவில்லை.

விஜயதாஸ் அங்கிள் கவரை வாங்கிப் பார்த்துவிட்டுக் குனிந்து, "பஞ்சாயத்துண்ணு வாசிக்கட்டா மக்கா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அவள் மெதுவாகச் சொல்லவில்லை.

"எழுதினத வாசிங்க அங்கிள். இல்லெண்ணா கவரத் தாங்க."

கொயர் பாடுகிறவர்கள் வரை கேட்டிருக்கும். அங்கிள் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழுதியிருந்தபடியே வாசித்தார்:

"சகோதரி ஷிஜா, ஹரித கர்ம சேனாவில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்கும் வேலை கிடைத்தமைக்காக. அவளுடைய மைனி லிஜாவுக்கும் போன மே மாதம் கிடைத்தது இதே வேலை."

நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. ஷிஜா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்காமல். ஆண்கள் பக்கத்திலிருந்து முதல் ஆமென் மாமாவின் குரலில் வந்தது, பஸ்ஸுக்கு டபுள் பெல் கொடுக்கிற அந்தப் பழைய கண்டக்டர் குரல்.

நாளைக்கு எனக்குக் கோயில் தெரு வீடுகள். பச்சைக் கோட்டை இப்போதே துவைத்துப் போட வேண்டும். ஷிஜா அவளுடையதையும் என் வாளியில் போட்டிருக்கிறாள்.