படி இறங்கினால் கூப்பிடுவார்கள்

ஏப்ரல் 11

காலையில் கிடங்கில் பள்ளிக்கூட ஷூ இறங்கியது. ஒரு பெட்டியில் இரண்டுமே இடதுகால். அனுப்பியவனுக்குப் போன் போட்டு நாலு நல்ல வார்த்தை சொன்னேன்.

சாயந்திரம், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், மகளைப் பல் சீரமைக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பன்னிரண்டு வயது. முன்பல் இரண்டும் தூக்கல், உதடு மூடாது. போன வாரம் வீட்டுக்கு வந்த மச்சான், "மழை பெஞ்சா உனக்கு மோவாய் நனையாது குட்டி" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனவள் சாப்பிட வரவில்லை.

டாக்டரம்மா பல்லை அதிகம் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் நிற்கவைத்து முகத்தைப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். விரல் சூப்பினாளா என்று கேட்டார். பிறகு, "கீழ்த்தாடையை மெதுவா முன்னால கொண்டுவாம்மா... இன்னும் கொஞ்சம்... அப்படியே நில்லு" என்று சொல்லிக் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

என் மகள்தான். ஆனால் வேறு முகம். உதடு மூடியிருந்தது.

"மேல்பல்லு ரொம்பத் துருத்தல சார். கீழ்த்தாடை பின்தங்கி நிக்குது. ஊரெல்லாம் பல்லத்தான் குத்தம் சொல்லும்."

மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு தகடாம். சாப்பிடும் நேரம் தவிர மாட்டியே இருக்க வேண்டும். வாயை மூடினால் தாடை தானாக முன்னால் வந்து நிற்கும். வளருகிற வயது என்பதால் நின்ற இடத்திலேயே பழகிக்கொள்ளுமாம்.

விலை சொன்னார். வழக்கம்போல, "பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றேன்.

"இதுதான் சார். ஆனா தள்ளிப்போடாதீங்க. இப்ப விட்டா அப்புறம் கெடைக்காது."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. 'கடைசி ஜோடி சார், நாளைக்கு இருக்காது' என்று தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறேன்! பின்னால் கிடங்கு நிறைய அதே ஜோடியை அடுக்கி வைத்துக்கொண்டு.

எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கினால் கூப்பிடுவார்கள். பிளாட்பாரத்தில் செருப்பு விரித்த நாளிலிருந்து நான் கூப்பிடாமல் விட்ட ஆள் உண்டா?

ஏப்ரல் 13

போன் இல்லை.

ஏப்ரல் 20

இன்னும் இல்லை. சரியான கல்லுளிமங்கி.

"ஏங்க, நாமளே ஒரு போன் பண்ணுவோமே" என்றாள் மனைவி. நாம் கூப்பிட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை என்றேன். "இது செருப்பாங்க?" என்று கேட்டாள். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மே 28

சீசன். நிற்க நேரமில்லை. எல்லாத் தாய்மாரும் ஒரே பாட்டு: "ஒரு சைஸ் பெருசா குடுங்க, வளர்ற கால்."

கடைக்கு வந்த மகள், "அந்தத் தகடு எப்பப்பா?" என்றாள்.

"வாங்கலாம்டா. அவங்க எறங்கி வரட்டும்."

"எங்கேருந்துப்பா எறங்கி வரணும்?"

கூட்டம் நெருக்கியது. நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 22

குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. கண்ணாடி முன் மகள் தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. முடியாமல் விட்டாள், பழையபடி. மறுபடி தள்ளினாள்.

சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 6

கடைக்கு எதிர்வரிசையில் இருக்கிற பல் டாக்டரிடம் காட்டினேன். நம் கடை வாடிக்கைக்காரர். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். "எல்லாப் பல்லும் முளைக்கட்டும் அண்ணே. அப்புறம் கம்பி போட்டு இழுத்துரலாம். என்ன அவசரம்?" காசு வாங்கவில்லை.

"பாத்தியா, இவரும் படிச்சவர்தான்" என்றேன் மனைவியிடம். நான் கேட்க ஆசைப்பட்டதைச் சொன்ன மனுஷன். வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 2

மகள் பெரியவளாகிவிட்டாள். மனைவி சொன்னாள். மடமடவென்று வளர்கிறாள், போன வருடச் செருப்பில் குதிகால் வெளியே நிற்கிறது. கடையிலிருந்து நல்லதாக ஒரு ஜோடி எடுத்து வந்தேன்.

ஜனவரி 1

புது டைரி. இந்த வருடம் மேல்மாடியையும் கடையாக்க வேண்டும்.

மார்ச் 15

வகுப்புப் புகைப்படம் வந்தது. இரண்டு முறை தேடினேன். மகள் இல்லை. அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாளாம். மனைவிக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 19

பள்ளிப் படிக்கட்டில் தடுக்கி விழுந்தாள். முன்பல்லில் பாதி போய்விட்டது. கூட விழுந்த பெண்ணுக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும்.

எதிர்வரிசைப் பல் டாக்டர் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிக்கொண்டே, "இத எப்பவோ பல் சீரமைக்கிறவங்ககிட்ட காட்டியிருக்கணும் அண்ணே" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... மகள் இருந்தாள். விட்டுவிட்டேன்.

நவம்பர் 26

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அதே படி ஏறினேன். டாக்டரம்மாவுக்கு மகளை நினைவிருந்தது.

"உதடு மறைக்காத பல்லு சார். விழுந்தா மொதல் அடி அதுக்குத்தான்."

"அந்தத் தகடப் போட்ருங்க. நீங்க சொன்ன விலைக்கே" என்றேன். அதைச் சொல்லும்போது பெருந்தன்மை போல் இருந்தது எனக்கு. தூ.

எப்போது பெரியவளானாள் என்று மனைவியிடம் கேட்டார். போன வருடம் செப்டம்பர் என்றாள். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தாடையைக் காட்டுவார் என்று பார்த்தால், கழுத்தெலும்பைக் காட்டினார்.

"இந்த எலும்போட வடிவத்த வச்சுச் சொல்லிடலாம் சார். வளர வேண்டியது பெரும்பாலும் வளந்தாச்சு. இனிமே தகடு போட்டாப் பெருசா பலன் இருக்காது."

"எவ்வளவு ஆனாலும் சரி."

"விலையில்ல சார் விஷயம்."

கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு ஏன் ஒரு போன் பண்ணல?"

"வேற எங்கயாவது காட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது மகள் கேட்டாள்: "அவங்க அப்பவே சொன்னாங்கல்ல?"

சொன்னாங்கம்மா. சொன்னாங்க. நான்தான் நம்பல. எப்படி நம்புவேன்? நானே தெனமும் சொல்ற பொய்யாச்சே அது! ஒருத்தர் உண்மையாவும் சொல்லுவாங்கன்னு எந்த மடையனுக்குத் தோணும்? இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி என்ன கிழிக்கப்போகிறேன்?

டிசம்பர் 10

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் மகளின் முகத்தைப் பக்கவாட்டில் இரண்டு விதமாகக் காட்டினார். ஒன்று, மேலே இரண்டு பல்லை எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் முன்பல்லைக் கம்பியால் உள்ளே இழுப்பது. பல் அடங்கும், உதடு மூடும்; தாடை பின்னால் இருப்பது இருப்பதுதான். இன்னொன்று, வளர்ச்சி முழுதும் நின்றபிறகு தாடையை அறுத்து முன்னால் நகர்த்தி வைப்பது.

இரண்டாவது முகத்தை மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்த முகம்.

"அறுக்க வேணாம்" என்று முதலாவதைத் தொட்டாள். "இது போதும்."

கடையில் தினமும் கேட்கிற குரல் அது. பிடித்த ஜோடி தீர்ந்துபோனபிறகு வருகிறவர்கள், இருப்பதில் ஒன்றைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்வார்கள். பேரம் பேசமாட்டார்கள்.

டிசம்பர் 18

இன்று பல் எடுத்தார்கள். அம்மா மட்டும் உள்ளே வரட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். "உங்க பொண்ணோடது சார். வேணுமா, போட்டுரவா?"

கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கிற பல், பக்கத்துக்கு ஒன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொத்தை இல்லை, கீறல் இல்லை. இரண்டும் நல்ல பல்.

போட்டுவிடச் சொன்னேன்.