அம்மாவின் நம்பர்

வாலு,

காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது, திட்டாமல் சாப்பிடு. சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடு.

நேற்று, “தண்ணி திறந்துவிட நானே சொல்லித் தர்றேன், அதுக்கு ரெண்டு வருஷம் காலேஜா?” என்று நான் எரிந்து விழுந்தது தப்புதான். பம்ப் ஹவுஸில் வால்வு திருகுகிற எனக்கு, எங்கோ வெளிநாட்டு அகதி முகாமில் குடிநீரைச் சுத்தம் செய்வது பற்றி என்ன தெரியும்? அதைப் படித்துவிட்டே அங்கே தொண்டுக்குப் போ. தடுக்க மாட்டேன்.

காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். ‘அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்’ என்ற இடத்தில், பழக்கத்தில் அம்மா பெயரையும் நம்பரையும் எழுதியிருக்கிறாய். அவள் கண்மூடி எட்டு மாதமாகிறது. நானும் நேற்று மூன்று தட்டு எடுத்து வைத்தேன், நீ பார்ப்பதற்குள் ஒன்றை உள்ளே வைத்துவிட்டேன். அந்தப் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை. நீயே மாற்றி என் பெயரை எழுதிக்கொள்.

அப்பா

நம்பரை மாற்றாதே. அந்த போனைத் தினமும் சார்ஜ் போட்டு என் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக யாரும் அதில் கூப்பிடவில்லை. அவசரம் எதுவும் இல்லாவிட்டாலும் நீ கூப்பிடு.